பின் சீட்டில் பெரியம்மா

"டேய், நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? ஒரு டவுட்டு..."

இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மிக்ஸி ஓடவில்லையா, மோட்டாரில் தண்ணி ஏறவில்லையா, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் என் ஞாபகம்தான் வரும். மூணாவது வருஷம் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாது என்கிற ரகசியத்தை நான் இதுவரை வீட்டில் உடைக்கவில்லை. ஆனால், அன்றைக்கு போனில் கேட்டது பெரியம்மா பையன். ஏற்காட்டு அண்ணன். கேட்ட விஷயமும் மிக்ஸி இல்லை.

"வண்டியை இறக்கலாம்னு இருக்கேன்டா. லோயரிங் ஸ்பிரிங் போட்டு, 17 இன்ச் வீல், அகலமான டயர். போடலாமா? நீதான் சொல்லணும்!"

'நீதான் சொல்லணும்' என்று என்னிடம் யாருமே சொன்னது கிடையாது. அந்த ஒரு வார்த்தையில் நான் அப்படியே ஒரு அடி வளர்ந்துவிட்டேன். அங்கே ஆரம்பித்தது வினை!

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பெரியப்பா ரைட்டர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்த மலை அது. அண்ணனுக்கு வேலை சேலத்தில். தினமும் மலையிறங்கி, தினமும் மலையேறுவார். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் கடல் மட்டத்துக்கு மேல் 1,515 மீட்டர். நமக்கெல்லாம் அது டூர் ரோடு. அண்ணனுக்கு அதுதான் ஆபீஸ் ரோடு. ஒவ்வொரு வளைவையும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். "பதிமூணுல கொஞ்சம் தண்ணி நிக்கும்டா" என்பார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல!

இப்படி ஒரு ரோடு வீட்டு வாசலிலேயே இருந்தால் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வராமல் என்ன செய்யும்? நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வாங்க அந்த எஸ்டேட்டையே விற்க வேண்டும். அதுவும் நம்முடையது இல்லை. அதனால் செகண்ட் ஹேண்டில் ஒரு 2014 ஸ்விஃப்ட் வாங்கி, அதையே ஸ்போர்ட்ஸ் காராக மாற்றுவது என்று முடிவு. போனஸ் பணம் கையில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாராளமா போடலாம்ண்ணா. சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கும். வளைவுல வண்டி சாயாது. சூப்பரா இருக்கும்!"

கணக்கு எதுவும் போடவில்லை. போட்டோ எடுக்கலாமே என்கிற ஆசைதான்.

நாலு விரல், ரெண்டு விரல்

கார் பைத்தியங்களிடம் ஒரு அளவுகோல் உண்டு. டயருக்கும் அதன் மேலே இருக்கிற ஃபெண்டருக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார்கள். கம்பெனியிலிருந்து வருகிற வண்டியில் நாலு விரல் தாராளமாகப் போகும். "பாக்கவே மாட்டு வண்டி மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ரெண்டு விரல் என்றால் மரியாதை. விரலே நுழையவில்லை என்றால் கும்பிடு!

நானும் அண்ணனும் சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே 'ஆடு ரெண்டு வந்திருக்கு' என்று எழுதியிருந்தது. முதலில் ஒரு சிக்கன வழி சொன்னார். இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்து எடுத்துவிடுவது. செலவு கொஞ்சம்தான். எனக்கே அது தப்பு என்று தெரிந்தது. ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். அறுத்த ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது இடம் மாறி நழுவிவிடலாம். அறுக்கும்போது சூடு பட்டால் இரும்பின் பதமும் போகும். அதை நான் எடுத்துச் சொன்னதும் அண்ணன் பெருமையாக என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் ஒரு அடி வளர்ச்சி!

அதனால் 'நல்ல' வழி. 40 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் செட். 205/45 R17 டயர். அதற்கேற்ற 17 இன்ச் அலாய், அகலமும் அதிகம். "ஆர்.சி. புக்ல ஏதும் பிரச்னை வருமாங்க?" என்று அண்ணன் கேட்டார். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க தம்பி" என்று டீ வரவழைத்துவிட்டார் கடைக்காரர்.

கேட்பார்கள். கம்பெனி எந்த அமைப்பில் வண்டியைப் பதிவு செய்ததோ, அதற்கு மாறாக மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் மாற்றிய வண்டிக்கு ஏதாவது ஆனால், இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் நீட்டும் விரலும் இதன் மேல்தான். இது எல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. டீயைக் குடித்தேன்.

சாயங்காலம் வண்டி தயார். சத்தியமாகச் சொல்கிறேன், செம அழகு! சிவப்பு வண்டி, கறுப்பு வீல், தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்திருந்தது. ரெண்டு விரல்தான் நுழைந்தது. அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய ஸ்பிரிங்குகளைக் கடையிலேயே விட்டுவிடலாம் என்றேன். "இருக்கட்டும்டா" என்று டிக்கியில் தூக்கிப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு புத்திசாலித்தனம் எங்கள் ரெண்டு பேரில் அவருக்கு இருந்தது.

பதினாலாவது வளைவு

முதல் ரெண்டு நாள் அண்ணன் தனியாக ஓட்டினார். "ரயில் தண்டவாளத்துல போற மாதிரி இருக்குடா!" என்று போன் மேல் போன். எனக்குக் காலேஜில் தலைகால் புரியவில்லை.

மூணாவது நாள் சனிக்கிழமை. பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள்.

பெரியம்மாவுக்கு முதுகில் டிஸ்க் பிரச்னை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலத்துக்கு பிசியோதெரபிக்கு வர வேண்டும். அண்ணன் அந்தக் காரை வாங்கினதே பாதி அதற்காகத்தான். போகும்போது இருபது வளைவு, வரும்போது இருபது வளைவு. அன்றைக்கு ட்ரீட்மென்ட் முடிந்து திரும்பும்போது நானும் ஏறிக்கொண்டேன். என் 'டிசைனை' நேரில் அனுபவிக்க வேண்டாமா? முன்னால் அண்ணனும் பெரியப்பாவும். பின்னால் நானும் பெரியம்மாவும். டிக்கியில் அரிசி மூட்டை, மாதச் சாமான்.

கோரிமேடு தாண்டும் வரை ஒன்றும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் தெரிந்தது. ரோட்டைத் தண்ணீர் குறுக்கே கடக்கிற ஒரு சின்னப் பள்ளம். 'டொக்!' முதுகெலும்பில் யாரோ சுத்தியலால் தட்டியது மாதிரி இருந்தது. அடுத்த ஒட்டு ரோடு, 'டொக்!' பெரியம்மாவின் வலது கை முன் சீட்டை இறுக்கிப் பிடித்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினாலாவது வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. மலையேறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால், பாதி வளைவில் இருக்கிற பஸ் எங்கே போகும்? அண்ணன் ஓரம் கட்டி ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். 'கர்ர்ர்ர்...' அகலமான டயர் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கில் உரசியது. என்னவோ உடைந்துவிட்டது என்று பயந்து, அண்ணனின் கை தானாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டுவிட்டது. ஒரே விநாடி. வண்டியின் மூக்கு நடு ரோட்டுக்கு நகர்ந்தது.

பஸ் டிரைவர் நிதானமானவர். நிறுத்தி, நாங்கள் பின்வாங்கி ஒடித்துப் போகிற வரைக்கும் காத்திருந்தார். ஜன்னல் வழியாக, "பாத்து வாங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

2024 ஏப்ரல் 30-ம் தேதி இதே மலைப்பாதையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனது. அந்தச் செய்தியை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. வீடு வரும் வரைக்கும் காருக்குள் ஒருத்தரும் பேசவில்லை. மெயின் ரோட்டிலிருந்து எஸ்டேட்டுக்குள் திரும்பும் மண் ரோட்டில், ஒரு கல் வண்டியின் அடிவயிற்றை நீளமாகக் கீறிக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அடுத்த ட்ரீட்மென்ட். அண்ணன் லீவு போட்டு, வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். வீட்டில் பெரியம்மா இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பிப் போயிருந்தார். போன் போட்டதற்குப் பதில்: "உன் வண்டி நல்லாத்தான்டா இருக்கு சாமி. பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது, ஏறிட்டேன்."

இதை அண்ணன் எனக்குச் சொன்னபோது குரலே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கணக்கு போட்ட ராத்திரி

அன்று ராத்திரிதான் நான் நோட்டை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டிய நோட்டு.

முதல் கணக்கு: வண்டியை இறக்கியதால் என்ன லாபம்? வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் மேல் இருக்கிற எடையில் ஒரு பங்கு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது வண்டியின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 செ.மீ. இறக்கினால் 51. அதாவது எடை மாறுவது சுமார் 7 சதவீதம் குறையும். நல்ல விஷயம்தான்!

ஆனால், அந்த எடை மாற்றம் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்கிற வளைவை 38-ல் எடுத்தால் என்ன ஆகும்? நாற்பதின் வர்க்கம் 1,600. முப்பத்தெட்டின் வர்க்கம் 1,444. கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைகிறது.

நண்பர்களே, கவனிக்கவும். போனஸ் பணத்தையெல்லாம் கொட்டி வாங்கியது 7 சதவீதம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை இம்மியளவு எடுத்தால் 10 சதவீதம், இலவசம்! நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் நின்றேன்.

ரெண்டாவது கணக்கு: அந்த 'டொக்' எங்கிருந்து வந்தது? சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது மேலே எழும்பக் கொஞ்சம் இடம் வேண்டும். உதாரணத்துக்கு 8 செ.மீ. இருந்தது என்று வைப்போம். வண்டியை 4 செ.மீ. இறக்கியாயிற்று, மீதி 4. பாதி இடத்துக்குள் அதே அதிர்ச்சியைத் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் ரெண்டு மடங்கு விறைப்பாக இருந்தால் போதாது, நாலு மடங்கு வேண்டும். ஏனென்றால் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் சக்தி, அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தில் போகிறது. அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி கட்டை வண்டிதான். அதனால் விற்கிறவர்கள் கொஞ்சம் விறைப்பாகச் செய்து நிறுத்திவிடுகிறார்கள். மிச்சத்தை யார் தாங்குவது? கடைசியில் இருக்கிற ரப்பர் கட்டை தாங்கும். அதற்கப்புறம் உட்கார்ந்திருக்கிறவரின் முதுகு தாங்கும்.

அண்ணன் தனியாக ஓட்டியபோது ஏன் தெரியவில்லை? ஆள் இல்லை, அரிசி மூட்டை இல்லை. நாலு பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் இன்னும் சில சென்டிமீட்டர் அமுங்கும். மிச்சமிருந்த இடத்திலும் பெரும்பகுதி போச்சு. 'ஒரு ஆள் ஓட்டிப் பார்த்து' முடிவு செய்யவே கூடாத விஷயம் இது.

மூணாவது, டயர். 205/45 R17 என்றால் என்ன அர்த்தம்? அகலம் 205 மி.மீ. அதில் 45 சதவீதம் பக்கவாட்டு உயரம். 17 இன்ச் வீல். வண்டியோடு வந்தது 185/65 R15. மொத்த உயரம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 621 மி.மீ.க்கு 616. அதனால் ஸ்பீடாமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. கடைக்காரர் அதைச் சரியாகத்தான் பார்த்திருந்தார். ஆனால், வீலுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருக்கிற ரப்பரும் காற்றும்? முன்னே 120 மி.மீ., இப்போது 92. ஒரு இன்ச்சுக்கு மேல் மெத்தையைப் பிடுங்கிவிட்டோம். போதாததற்கு, அகல வீல் வெளியே தள்ளி நின்றது. ஒடிக்கும்போது உரசியது அதனால்தான். வீல் வாங்கும்போது விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. அகலமும் வேண்டும். 'ஆஃப்செட்' என்று ஒரு எண் வீலின் மேல் பொறித்திருக்கும், அதுவும் வேண்டும். வீல் உள்ளே இருக்குமா, வெளியே தள்ளுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

நாலாவது கணக்குதான் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் உயரம் சுமார் 1,200 மீட்டர். ஆட்களோடு 1,250 கிலோ எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற சக்தி, சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்! ஒரு பங்கை காற்று வாங்கிக்கொள்ளும். கீழ் கியரில் இறங்கினால் இன்ஜின் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். கியரை நியூட்ரலில் போட்டு 'பெட்ரோல் மிச்சம்' பிடிக்கிற புண்ணியவான்களுக்கு, மிச்சம் அத்தனையும் பிரேக் தலையில்தான். நாங்கள் அந்த வண்டியில் மாற்றாமல் விட்ட ஒரே சாமான் எது தெரியுமா? தேய்ந்துபோன பிரேக் பேட்!

ரேஸ் கார் மட்டும் எப்படி?

"அப்ப ரேஸ்ல ஓடுற வண்டியெல்லாம் தரையோட ஒட்டிக்கிட்டுத்தானே போகுது?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி.

கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா வண்டிகள் தரையைத் தடவிக்கொண்டுதான் ஓடுகின்றன. அங்கே ரோடு வழவழ. பள்ளம் கிடையாது, எதிரே பஸ் கிடையாது, அரிசி மூட்டை கிடையாது. ஒரே சீட்டு. அந்த ரோட்டுக்கு அந்த ஸ்பிரிங். நம்ம ரோட்டுக்கு நம்ம ஸ்பிரிங்.

அங்கேகூடக் கடைசியில் பேசுவது டயர்தான். நான் பிறந்த வருஷம் 2005. அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் ரேஸ். அந்த டிராக்கின் சாய்வான ஒரு வளைவை மிஷ்லின் டயர்கள் தாங்காது என்று தெரிந்ததும், அந்த டயர் போட்ட 14 கார்களும் ரேஸ் தொடங்கும் முன்பே உள்ளே திரும்பிவிட்டன. மிச்சம் ஓடியது 6 கார்கள். அதில் ஜோர்டான் காரில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர்! கோடிக்கணக்கில் செலவு செய்து, உலகத்தின் பெரிய மூளைகள் உட்கார்ந்து கட்டிய கார்களையே ஒரே ஒரு வளைவு திருப்பி அனுப்பிவிட்டது. எங்களுக்கு இருபது வளைவு.

ஏற்காட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவு என்று வைப்போம். 25 கி.மீ. வேகத்தில் போனால், டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டியது வண்டி எடையில் மூணில் ஒரு பங்கு. 40-ல் போனால் 80 சதவீதத்துக்கும் மேல். நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலே அது கிட்டத்தட்ட எல்லை. பனி இறங்கி, சில்வர் ஓக் இலை ஈரமாக ஒட்டிக்கிடக்கிற டிசம்பர் மாதத்தில்? அங்கே எந்த ஸ்பிரிங்கும் வந்து காப்பாற்றாது.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்பீடு பிரேக்கருக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஒரு அளவு வைத்திருக்கிறது. உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். ஸ்விஃப்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.43 மீட்டர். கணக்குப் போட்டால், அந்த வளைந்த மேடு ரெண்டு சக்கரங்களுக்கு நடுவே எழும்புவது நாலரை செ.மீ.கூட இல்லை! அண்ணனின் இறக்கின வண்டியேகூட ஜம்மென்று தாண்டிவிடும். ஆனால், நம்ம ஊரில் எந்த ஸ்பீடு பிரேக்கரைப் பாய் விரித்தது மாதிரி போட்டிருக்கிறார்கள்? திண்ணை மாதிரி அல்லவா கட்டி வைத்திருக்கிறார்கள்! வண்டியைப் புத்தகத்தில் இருக்கிற ரோட்டில் ஓட்டுவதில்லையே.

சாக்கிலிருந்து வெளியே வந்த ஸ்பிரிங்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஏற்காடு போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன். எஸ்டேட் குடோனில், காப்பிக்கொட்டை சாக்கில் சுற்றி பழைய ஸ்பிரிங்குகள் பத்திரமாக இருந்தன.

"ண்ணா... நான் தெரியாமத்தான் சொன்னேன். தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

இந்த ஒரு வரியைச் சொல்ல நான் இருபது வளைவும் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் புரட்டினார். 7-க்கும் 10-க்கும் நான் வட்டம் போட்டிருந்த பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் சிரித்தார். "ஏன்டா, இதை முன்னாடியே போட்டிருந்தா என் போனஸ் மிச்சமாயிருக்குமேடா!" என்று தலையில் ஒரு குட்டு. வலித்தது. ஆனால், மனசு லேசாகிவிட்டது.

வீலையும் டயரையும் பாதி விலைக்குத்தான் விற்க முடிந்தது. அந்தப் பணத்தில் என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். இதே ஆசையில் இருக்கிற யாருக்காவது உதவும். முதலில் பிரேக். புது பேட், புது பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சி, வருஷங்கள் போகப் போகச் சீக்கிரம் கொதிக்க ஆரம்பித்துவிடும். மலையிறங்கும்போது கொதித்தால் பெடல் தரையைத் தொடும். ரெண்டாவது, பழைய ஸ்பிரிங்கோடு நாலு புது ஷாக் அப்சார்பர். வண்டி வளைவில் ஆடியதற்குக் காரணம் உயரமே இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த பழைய ஷாக் அப்சார்பர்தான். மூணாவது, கம்பெனி சொன்ன அதே 185/65 R15 அளவில் நல்ல டயர். அப்புறம் வீல் அலைன்மென்ட். டயரில் காற்று எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். நாலு பேர் ஏறினால் வேறு அளவு. அதை இப்போது அண்ணன் வாரா வாரம் பார்க்கிறார்.

ஆசையை முழுசாகக் கொன்றுவிடவும் இல்லை. கம்பெனி அளவிலேயே, 15 இன்ச்சில், கறுப்பு நிற அலாய் வீல் போட்டுக்கொண்டார். வேகம் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் ரெண்டு பேரும் செட்டிபாளையத்துக்குப் போய் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பது என்று ஒப்பந்தம்.

இப்போதும் நாலு விரல்தான் நுழைகிறது. போன மாசம் அண்ணனின் நண்பர் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா மாட்டு வண்டி மாதிரி?" என்றாராம். "அந்த நாலு விரல் எங்கம்மாவுதுடா" என்றாராம் அண்ணன்.

போன சனிக்கிழமை மறுபடி நான் கூடப் போனேன். அதே பள்ளம் வந்தது. வண்டி அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். பதினாலாவது வளைவில் மேலேயிருந்து ஒரு லாரி. அண்ணன் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தார். சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மாவின் கை மடியில் இருந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. தூங்கியிருந்தார்.

நான் டிசைன் செய்த எதற்கும் இதுவரை இவ்வளவு நல்ல மார்க் கிடைத்ததில்லை.

உங்கள் வண்டியையும் இறக்கணுமா, ஏத்தணுமா? என்னைக் கேட்டால் இனிமேல் உடனே பதில் சொல்ல மாட்டேன். முதலில் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன்: "பாஸ், உங்க வண்டியில பின் சீட்டுல யாரு உக்காருவாங்க?"